பஞ்சருக்குப் பயம் வேண்டாம். வீக்கத்துக்குப் பேரம் வேண்டாம்!

"தடால்!"

மழை பெய்து ஓய்ந்த மாலை நேரம். வேளச்சேரி மெயின் ரோட்டில் முழங்கால் அளவு தண்ணீர். தண்ணீருக்கு அடியில் பள்ளம் இருந்தது யார் கண்ணுக்கும் தெரியவில்லை.

சைதாப்பேட்டை பாத்திரக் கடைக்காரர் ஒருவர், மனைவி, மகள், மாமியாரோடு கல்யாண வீட்டுக்குக் காரில் போய்க்கொண்டிருந்தார். இடது பக்க முன் சக்கரம் பள்ளத்தில் விழுந்து எழுந்தது. கார் குலுங்கியது. மாமியார் முருகா என்றார்.

கடைக்காரர் இறங்கிப் பார்த்தார். டயரில் காற்று இருந்தது. வண்டி ஓடியது.

"ஒண்ணும் ஆகலை" என்று சொல்லிவிட்டு ஏறினார். கல்யாணச் சாப்பாடும் முடிந்தது. வீடும் திரும்பியாகிவிட்டது.

மூன்றாம் நாள் காலை, கார் கழுவ வந்த ஆள்தான் அதைப் பார்த்தார்.

"முதலாளி! டயர்ல எலுமிச்சம்பழம் சைசுக்கு என்னமோ புடைச்சிக்கிட்டு இருக்குது!"

மூன்று பேர், மூன்று தீர்ப்பு

அன்றைக்கே மூன்று தீர்ப்பு கிடைத்தது.

தெருமுனை பஞ்சர் கடை பாய் ஒரு தடவைதான் பார்த்தார். "சார், இது போயிடுச்சு. இதுல ஒட்டறதுக்கு ஒண்ணும் இல்ல. மாத்திடுங்க" என்றார்.

பெரிய டயர் கடையில் காபி கொடுத்து உட்கார வைத்தார்கள். "நாலும் ஒண்ணா வாங்கினதுதானே சார்? நாலையும் மாத்திடுங்க. நிம்மதியா இருக்கலாம்" என்றார்கள்.

மைத்துனர் விடவில்லை. "காத்து இறங்கலையே மாமா! இறங்குற வரைக்கும் ஓட்டுங்க. கடைக்காரன் வியாபாரத்துக்கு ஆயிரம் சொல்லுவான்" என்றார்.

கடைக்காரர் விழித்தார். ஒருவர் பேச்சைக் கேட்டால் ஒரு டயர் செலவு. இன்னொருவர் பேச்சைக் கேட்டால் நாலு டயர் செலவு. மூன்றாமவர் பேச்சைக் கேட்டால் செலவே இல்லை. ஆனால் அடுத்த வாரம் குடும்பத்தோடு விழுப்புரம் போக வேண்டும்!

இது ஒரு கடைக்காரரின் கஷ்டம் மட்டும் அல்ல. தவணையில் பழைய கார் வாங்கிய குமாஸ்தா, கால் டாக்சி டிரைவர், சின்ன வேனில் காய்கறி ஏற்றும் வியாபாரி எல்லோரும் இந்த இடத்தில் ஒரு நாள் வந்து நிற்கத்தான் வேண்டும்.

கெட்டுப்போகாத டயரைப் பயந்து தூக்கிப் போடுகிறவர்களும் உண்டு. செத்துப்போன டயரைச் சிக்கனம் என்று ஓட்டுகிறவர்களும் உண்டு. இரண்டும் தப்பு. ஆனால் இரண்டும் ஒரே தப்பு அல்ல. முதல் தப்பில் பணம் போகும். இரண்டாவது தப்பில் ஆளே போகலாம்!

டயருக்கு உள்ளே என்ன?

தீர்ப்புச் சொல்ல வேண்டுமானால் டயருக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிய வேண்டும்.

வெளியே தெரியும் கறுப்பு ரப்பர் வெறும் தோல். வண்டியின் பாரத்தைச் சுமப்பது உள்ளே அடைத்த காற்று. அந்தக் காற்றைக் கட்டிப் பிடித்து வைத்திருப்பது ரப்பருக்குள் புதைந்த நூல்.

இன்றைய கார்களில் ஓடுவது ரேடியல் டயர். ரோட்டைத் தொடும் பகுதிக்கு அடியில் இரும்புக் கம்பிப் பட்டை இருக்கிறது. பக்கச் சுவரில் அது கிடையாது. அங்கே பெரும்பாலும் பாலியெஸ்டர் நூல்தான். சுவர் வளைந்து கொடுத்தால்தான் வண்டி சொகுசாகப் போகும். அதற்காக அப்படி வைத்திருக்கிறார்கள்.

சின்னக் காரின் சக்கரம் ஒரு கிலோமீட்டர் ஓட 500 தடவைக்கு மேல் சுற்றுகிறது. ஒவ்வொரு சுற்றிலும் பக்கச் சுவர் ஒரு தடவை மடங்கி நிமிர்கிறது. சென்னையிலிருந்து திண்டிவனம் போய்ச் சேர்வதற்குள் 60 ஆயிரம் தடவைக்கு மேல்!

நல்ல சுவர் இதைத் தாங்கும். நூல் அறுந்த சுவர் எத்தனை தடவை தாங்கும்? அதை எந்தக் கடைக்காரராலும் சொல்ல முடியாது. மைத்துனராலும் சொல்ல முடியாது.

வீக்கம் வேறு, குழி வேறு!

பள்ளத்தில் விழும்போது டயர், பள்ளத்தின் விளிம்புக்கும் இரும்பு ரிம்முக்கும் நடுவில் நசுங்குகிறது. பாக்குவெட்டியில் சிக்கிய பாக்கு மாதிரி! அப்போது சுவருக்குள் இருக்கும் நூல் சில அறுந்துபோகிறது. ரப்பர் கிழிவதில்லை. அதனால்தான் காற்று இறங்குவதில்லை.

நூல் போன இடத்தில் காற்றைத் தடுக்க வெறும் ரப்பர்தான் மிச்சம். காற்று அதை வெளியே தள்ளுகிறது. அதுதான் வீக்கம். அடி பட்ட அன்றைக்கே தெரியலாம். சில நாள் ஓடிய பிறகும் தெரியலாம்.

"காத்து இறங்கலையே" என்று மைத்துனர் சொன்னது உண்மை. அதனால் டயர் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம் இல்லை. அந்தக் காற்று எந்த நிமிஷமும் ஒரே மூச்சில் வெளியேறலாம் என்றுதான் அர்த்தம்.

இதற்கு மருந்து கிடையாது. ஒட்டுப் போட முடியாது. காற்றைக் குறைத்து ஓட்டினால் சரியாகாது. குறைத்தால் சுவர் இன்னும் அதிகமாக மடங்கி, சூடேறி, சீக்கிரம் போகும். "உள்ளே ட்யூப் போட்டுத் தர்றேன், ஓட்டுங்க" என்று சில இடங்களில் சொல்வார்கள். ட்யூப் காற்றைப் பிடிக்கும். அறுந்த நூலைக் கட்டுமா? கட்டாது.

சட்டமும் அப்படித்தான் சொல்கிறது. 1989ஆம் வருஷத்து மத்திய மோட்டார் வாகன விதிகளில் 94ஆவது விதி டயரைப் பற்றியது. வீக்கம் கண்ட டயரும், உள்ளே இருக்கும் துணி தெரியும்படி தேய்ந்த டயரும் அந்த விதிப்படி நல்ல டயர் அல்ல.

ஆனால் ஒரு எச்சரிக்கை.

பக்கச் சுவரில் மேலிருந்து கீழாக, விரல் வைத்து அழுத்தியது போல, லேசாக உள்ளே போன கோடு சில டயர்களில் தெரியும். உள்ளே நூல் அடுக்கின் இரண்டு முனையும் ஒன்றின் மேல் ஒன்று ஏறி ஒட்டுகிற இடம் அது. அங்கே பலம் ஒன்றும் குறைவில்லை. ரேடியல் டயரில் இது சகஜம்.

வெளியே புடைத்தால் ஆபத்து. உள்ளே லேசாகக் குழிந்தால் பயம் இல்லை. கையால் தடவிப் பார்த்தாலே தெரியும். குழியைக் காட்டி "டயர் போச்சு" என்று யாராவது சொன்னால் இன்னொரு கடையில் காட்டிக் கேட்பது நல்லது.

பஞ்சர் எந்த இடத்தில்?

வீக்கத்தைப் பார்த்துப் பயப்படாதவர்கள்கூட ஆணியைப் பார்த்தால் அலறுகிறார்கள். இது தலைகீழ் நியாயம்!

பஞ்சர் ஆன டயரெல்லாம் செத்த டயர் அல்ல. ஆணி எந்த இடத்தில் ஏறியது என்பதுதான் கேள்வி.

ரோட்டில் படும் நடுப்பகுதியில் ஏறியிருந்தால், ஓட்டை 6 மில்லிமீட்டருக்குள் இருந்தால், ஒட்டுப் போட்டு ஓட்டலாம். தோள்பட்டை போன்ற ஓரத்தில் ஏறியிருந்தால் ஒட்டக் கூடாது. பக்கச் சுவரில் ஏறியிருந்தால் ஓட்டை எவ்வளவு சின்னதானாலும் ஒட்டக் கூடாது. அந்தச் சுவர் மடங்கி மடங்கி ஒட்டைப் பிய்த்துவிடும். பழைய ஒட்டின் மேலேயே புதிய ஓட்டை விழுந்தாலும் அந்த டயர் வேண்டாம்.

ஒட்டுவதிலும் இரண்டு விதம் உண்டு.

டயரைக் கழற்றாமல், வெளியிலிருந்து பசை தடவிய கயிற்றைத் திணித்து, மிச்சத்தை வெட்டிவிடுவது ஒன்று. ஐந்து நிமிஷ வேலை. அவசரத்துக்கு ஆகும். வீடு போய்ச் சேரலாம். ஆனால் டயரின் உள்ளே என்ன ஆயிற்று என்று பார்க்காமல் செய்யும் வேலை அது.

டயரை ரிம்மிலிருந்து கழற்றி, உள்ளே பார்த்து, ஓட்டையை அடைத்து, உள்பக்கம் பட்டை ஒட்டுவது இன்னொன்று. நேரம் ஆகும். காசும் கொஞ்சம் கூடும். வெளியூர் போகிற வண்டிக்கு அதுதான் முறை.

"நாளைக்கு வர்றேன், கழட்டி உள்ளே ஒட்டிக் குடு பாய்" என்று சொல்பவர்கள் எத்தனை பேர்? கயிறு போட்டதோடு அந்த டயர் மறந்துபோகிறது. ஆறு மாதம் கழித்து அதே கயிற்றோடு திருச்சிக்குப் போகிறார்கள்.

ஆணி ஏறியது தெரிந்தும் காற்று இறங்காமல் இருந்தால், அதை அங்கேயே பிடுங்கிப் பார்க்கிற ஆசை வேண்டாம். ஆணியேதான் அடைப்பான். மெதுவாகக் கடை வரைக்கும் போய், அங்கே பிடுங்குவது புத்திசாலித்தனம்.

மாவு கொட்டினால் முடிந்தது!

பஞ்சர் சின்னது, டயர் செத்தது. இப்படியும் நடக்கும்.

காற்று இறங்கியது தெரியாமல், அல்லது "இதோ, அடுத்த பஞ்சர் கடை வரைக்கும்" என்று, தட்டையான டயரில் கொஞ்ச தூரம் ஓட்டியிருப்பார்கள். காற்று இல்லாத டயரில் பாரம் முழுவதும் பக்கச் சுவரின் மேல் விழுகிறது. சுவர் ரிம்முக்கு அடியில் அரைபடுகிறது.

வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. கழற்றினால் டயருக்குள் கறுப்பு மாவு கொட்டும். மாவு மாதிரி உதிர்ந்த ரப்பர்தான் அது. சுவரின் உள்பக்கம் சொரசொரவென்று சுற்றிலும் தடம் தெரியும்.

மாவைப் பார்த்துவிட்டால் ஓட்டையை அடைப்பதில் அர்த்தம் இல்லை. மறுபடி காற்று அடித்து அந்த டயரை ஓட்டக் கூடாது. பஞ்சரைக் கழற்றி ஒட்டச் சொல்வதற்கு இந்த ஒரு காரணமே போதும்.

கீறலும் வெடிப்பும்

நடைபாதை ஓரத்தில் உரசாத கார் சென்னையில் ஏது? உரசினால் ரப்பரில் கீறல் விழும். மேல் தோலோடு நின்றால் கவலை இல்லை. கீறலை விரலால் விரித்துப் பார்த்து, உள்ளே நூல் தெரிந்தால் விட்டுவிட வேண்டியதுதான்.

வயதான டயரில் கீறல் போல மெல்லிய வெடிப்பு ஓடும். வெயிலில் காய்ந்து, நிறுத்தியே வைத்திருக்கும் கார்களில் இதை அதிகம் பார்க்கலாம். "பத்தாயிரம் கிலோமீட்டர்கூட ஓடலை, பட்டன் அப்படியே இருக்கு" என்று பெருமை பேசுவார்கள். ஓடாமல் இருந்தாலும் ரப்பருக்கு வயது ஏறும்.

வயதை யாரிடமும் கேட்க வேண்டாம். டயரிலேயே எழுதியிருக்கிறது. பக்கச் சுவரில் ஒரு நீளமான குறியீட்டின் கடைசியில் நாலு எண் இருக்கும். 1824 என்று இருந்தால் 2024ஆம் வருஷத்தின் 18ஆவது வாரத்தில் செய்த டயர். சில டயரில் இந்த எண் ஒரு பக்கம் மட்டுமே இருக்கும். உள்பக்கமாக மாட்டியிருந்தால் குனிந்துதான் பார்க்க வேண்டும்.

ஐந்து வருஷம் ஆன டயரை வருஷம் ஒரு தடவை கடையில் காட்டிப் பார்ப்பது நல்லது. பத்து வருஷம் ஆனால், பார்க்க எப்படி இருந்தாலும் மாற்றிவிடச் சொல்லும் டயர் கம்பெனி உண்டு. ஆறு வருஷத்திலேயே மாற்றச் சொல்லும் கார் கம்பெனிகளும் இருக்கின்றன. புது டயர் வாங்கும்போதும் இந்த நாலு எண்ணைப் பார்த்துவிட்டுத்தான் பணத்தை எண்ண வேண்டும்.

டிக்கியில் தூங்கும் ஸ்டெப்னிக்கும் இதே கணக்குதான்!

பட்டன் தேய்ந்தால்...

டயரின் மேல் பகுதியில் இருக்கும் கட்டங்களைத்தான் ஊரில் பட்டன் என்கிறோம். பட்டன்களுக்கு நடுவில் உள்ள வாய்க்கால் எதற்கு? மழைத் தண்ணீர் வெளியேற.

புது கார் டயரில் இந்த வாய்க்கால் சுமார் 7, 8 மில்லிமீட்டர் ஆழம் இருக்கும். காருக்கு 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே போகக் கூடாது என்பது சட்டம். ஸ்கூட்டருக்கும் ஆட்டோவுக்கும் 0.8.

அளக்க ஸ்கேல் வேண்டாம். வாய்க்காலின் அடியில் குறுக்கே சின்னச் சின்ன ரப்பர் திட்டு இருக்கும். அது எங்கே இருக்கிறது என்று காட்ட, பக்கச் சுவரின் மேல் ஓரத்தில் முக்கோணக் குறியோ அடையாள எழுத்தோ போட்டிருப்பார்கள். பட்டனும் அந்தத் திட்டும் ஒரே மட்டத்துக்கு வந்துவிட்டால் டயரின் ஆயுள் முடிந்தது.

காய்ந்த ரோட்டில் மொட்டை டயரும் ஓடும். அதுதான் ஆளை ஏமாற்றுகிறது. மழை வந்ததும் தண்ணீர் போக வழி இல்லாமல் டயர் தண்ணீரின் மேல் ஏறிக்கொள்கிறது. பிரேக்கை மிதித்தால் கேட்காது. ஸ்டீயரிங்கைத் திருப்பினால் கேட்காது.

சென்னைக்கு மழைக்காலம் என்றால் ஐப்பசி, கார்த்திகை. அதற்கு முன்னால் புரட்டாசியிலேயே பட்டனைப் பார்த்துவிட வேண்டும். வெள்ளம் வந்த பிறகு பார்த்து என்ன லாபம்?

தேய்ந்திருக்கிற விதத்தையும் பார்க்க வேண்டும். நடுவில் மட்டும் தேய்ந்தால் காற்று அதிகம். இரண்டு ஓரமும் தேய்ந்தால் காற்று குறைவு. ஒரு ஓரம் மட்டும் தேய்ந்தால் அலைன்மென்ட் சரியில்லை. அங்கங்கே குழி குழியாகத் தேய்ந்தால் ஷாக் அப்சார்பரைச் சந்தேகப்பட வேண்டும்.

காரணத்தைச் சரி செய்யாமல் புது டயர் மாட்டுவது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடிக்கிற கதை. ஒரு வருஷத்தில் அதுவும் அதே மாதிரி தேயும்.

ஒன்றா, இரண்டா, நாலா?

"நாலையும் மாத்துங்க" என்ற பேச்சு எப்போதும் வேதவாக்கு அல்ல.

மற்ற மூன்று டயரிலும் பட்டன் நன்றாக இருந்து, வயதும் குறைவாக இருந்தால், நாலையும் தூக்கிப் போட வேண்டிய அவசியம் இல்லை. ஒரே அச்சில் இடதும் வலதும் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்பதுதான் முக்கியம். ஒன்று புதிதும் ஒன்று தேய்ந்ததுமாக இருந்தால் பிரேக் போடும்போது வண்டி இழுக்கும். ஆகையால் ஜோடியாக மாற்றுவதே முறை. நாலு சக்கரமும் இழுக்கும் ஜீப் ரக வண்டிக்கு மட்டும் நாலும் ஏறக்குறைய ஒரே அளவில் இருக்க வேண்டும்.

இரண்டு புது டயர் வாங்கினால் எங்கே மாட்டுவது?

"முன்னாடிதான்! ஸ்டீயரிங் அங்கேதானே இருக்கு" என்பார்கள். அதுவும் தப்பு. புது டயர் பின்னால் போக வேண்டும். ஈர ரோட்டில் முன் சக்கரம் வழுக்கினால் டிரைவருக்கு ஸ்டீயரிங்கில் தெரியும். வேகத்தைக் குறைத்துச் சமாளிக்கலாம். பின் சக்கரம் வழுக்கினால் வண்டி பம்பரம் மாதிரி சுற்றிவிடும். சாதாரண டிரைவரால் அதைப் பிடிக்க முடியாது.

கடையில் இதைச் சொன்னால் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். டயர் கம்பெனிகளே சொல்வது இதுதான்.

பணம் யார் தருவது?

சொந்தக் காராக இருந்தால் இத்தோடு விஷயம் முடிந்தது. வாடகைக் காராக இருந்தால்?

வீக்கத்தைக் காலையில் முதலில் பார்ப்பவர் டிரைவர். பணம் கொடுக்க வேண்டியவர் முதலாளி.

"அண்ணே, முன் டயர் வீங்கியிருக்குண்ணே" என்பார் டிரைவர்.

"ஒண்ணாந்தேதி பார்க்கலாம்பா. லோக்கல்ல தானே ஓட்டுறே?" என்பார் முதலாளி.

அந்த லோக்கலில் விமான நிலையத்துக்குப் போகும் பாலமும் இருக்கிறது. 80 கிலோமீட்டர் வேகமும் இருக்கிறது. பின் சீட்டில் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டு போகும் பயணிக்கு ஒன்றும் தெரியாது. மூன்று பேரில் பணத்தை மிச்சம் பிடிக்கிறவர் மட்டும்தான் அந்த வண்டியில் இல்லை!

எஃப்.சி. நாளன்று மட்டும் நல்ல டயர் மாட்டிக் காட்டிவிட்டு, மறுநாள் பழையதை மாட்டுகிற வண்டிக்காரர்களும் இருக்கிறார்கள். அதிகாரியை ஏமாற்றலாம். ரோடு ஏமாறுமா?

பள்ளிக்கூட வேனில் பிள்ளையை ஏற்றிவிடும் தாய் தகப்பன் ஒரு நிமிஷம் குனிந்து நாலு டயரையும் பார்க்கலாம். வெளியூருக்கு டாக்சி பேசுகிறவர் ஏறுவதற்கு முன் ஒரு சுற்று சுற்றி வரலாம். "வேற வண்டி அனுப்புங்க" என்று சொல்ல வெட்கப்பட வேண்டியதில்லை. இரண்டு வாடகை கைவிட்டுப் போனால் முதலாளிக்கு ஒண்ணாந்தேதி சீக்கிரம் வந்துவிடும்.

இன்சூரன்ஸ் தருமா என்று கேட்பார்கள். சாதாரண பாலிசியில் டயர் மட்டும் கெட்டுப்போனால் ஒன்றும் கிடைக்காது. விபத்தில் காரும் சேர்ந்து அடிபட்டிருந்தால்தான் டயருக்குப் பாதிப் பணம் வரும். பள்ளத்தில் விழுந்து டயர் வீங்கினால் முழுச் செலவும் கார்க்காரர் தலையில்தான். ரோட்டு வரியும் கட்டிவிட்டு, ரோடு கடித்த டயருக்கும் அவரே பணம் கட்ட வேண்டியிருக்கிறது. தோண்டிய பள்ளத்தை மழைக்கு முன்னால் மூடினாலே ஊரில் பாதி டயர் பிழைக்கும். மூடாதவரைக் கேட்க வேண்டிய கேள்வி அது. ஆனால் பதில் வருகிற வரைக்கும் வீங்கிய டயரில் ஓட்ட முடியாது!

கழற்றிய டயர் எங்கே போகிறது?

பாத்திரக் கடைக்காரர் கடைசியில் என்ன செய்தார்?

பஞ்சர் கடை பாயையே மறுபடி கூப்பிட்டார். இரண்டு பேருமாக நாலு டயரையும் ஸ்டெப்னியையும் பார்த்தார்கள். வீங்கியது ஒன்றுதான். மற்ற மூன்றிலும் பட்டன் பாதிக்கு மேல் இருந்தது. வயது நாலு வருஷம். ஸ்டெப்னிக்கு மட்டும் வயது பத்து! பழைய கார் வாங்கியபோது கூடவே வந்தது.

இரண்டு புது டயர் வாங்கினார்கள். அது பின்னால் போனது. பழையதில் நல்ல ஜோடி முன்னால் வந்தது. மிச்சம் இருந்த ஒரு நல்ல டயர் ஸ்டெப்னி ஆயிற்று. நாலு வாங்க வேண்டிய இடத்தில் இரண்டோடு முடிந்தது. ஒன்றுமே வாங்க வேண்டாம் என்ற மைத்துனரும் விழுப்புரத்துக்கு அதே காரில்தான் வந்தார்.

புது டயர் மாட்டும்போது கடைப் பையன் கேட்டான்: "சார், அந்தப் பழைய டயர் ரெண்டையும் இங்கேயே போட்டுடறீங்களா? பில்லுல கொஞ்சம் குறைச்சுக்கலாம்."

கடைக்காரர் சரி என்று தலையாட்டப் போனார். பாய் கையைப் பிடித்துக்கொண்டார்.

"குடுக்காதீங்க சார். குடுத்தா ஒரு கீறல் போட்டுட்டுக் குடுங்க."

கழற்றிய டயரெல்லாம் குப்பைக்குப் போவதில்லை. வீங்கிய இடத்தில் உள்ளே ஒரு பட்டை ஒட்டி, மேலே கறுப்பு பாலிஷ் போட்டால் டயர் பளபளக்கும். மொட்டை டயரில் சூட்டுக் கத்தியால் புது வாய்க்கால் வெட்டுகிறவர்களும் உண்டு. அதை வாங்குகிறவர் யார்? புது டயருக்குக் காசு இல்லாதவர். பழைய காரை வாங்கி டாக்சி ஓட்டிப் பிழைக்கலாம் என்று வந்தவர். நாலு பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு ஊருக்குப் போகிறவர்.

ஒருவர் பயந்து கழற்றிய ஆபத்து, இன்னொருவர் வண்டியில் போய் உட்கார்ந்துகொள்கிறது!

பழைய டயர் வாங்குவதே பாவம் என்று சொல்ல முடியாது. இல்லாதவருக்கு வேறு வழி இல்லை. ஆனால் வாங்குகிறவர் பாலிஷைத் துடைத்து, உள்பக்கம் கையை விட்டுத் தடவிப் பார்த்து, நாலு எண்ணைப் படித்துவிட்டு வாங்க வேண்டும். உள்ளே ஒட்டு இருந்தால், அது நடுப்பகுதியில் அல்லாமல் பக்கச் சுவரில் இருந்தால், சும்மா கொடுத்தாலும் வேண்டாம்.

விற்கிற கடைக்காரருக்கும் ஒரு வார்த்தை. பஞ்சருக்குப் புது டயர் தள்ளிவிட்டால் அன்றைக்கு ஒரு லாபம். "இது ஒட்டினா போதும் சார்" என்று ஒரு தடவை உண்மை சொன்னால், அந்த ஆள் அடுத்த பத்து வருஷத்துக்கு வேறு கடைக்குப் போக மாட்டார்.

கார்க்காரருக்கு இருக்கிற கடமை சின்னது. மாதம் ஒரு தடவை, காலையில், டயர் குளிர்ந்திருக்கும்போது காற்றைப் பார்க்க வேண்டும். எத்தனை அடிப்பது என்பதை டிரைவர் பக்கத்துக் கதவைத் திறந்தால் ஒட்டியிருக்கும் சீட்டு சொல்லும். அப்போதே நாலு சக்கரத்தின் சுவரையும், உள்பக்கம் உட்பட, கையால் ஒரு தடவு தடவிவிட வேண்டும். ஐந்து நிமிஷம் போதும். பள்ளத்தில் "தடால்" என்று விழுந்தால் மாதக் கணக்குப் பார்க்க வேண்டாம். அன்றைக்கும் மூன்று நாள் கழித்தும் பார்த்தால் ஆயிற்று.

நடுவில் ஏறிய ஆணியா? கழற்றி உள்ளே ஒட்டி ஓட்டலாம். சுவரில் வீக்கமா, நூல் தெரிகிறதா, உள்ளே மாவு கொட்டுகிறதா? அன்றோடு அந்த டயர் ஓய்வு பெற வேண்டும்.

பாத்திரக் கடைக்காரர் கத்தி வாங்கி, வீங்கிய டயரின் சுவரிலும் பத்து வயசு ஸ்டெப்னியிலும் நீளமாக ஒரு கீறல் போட்டுவிட்டுத்தான் கொடுத்தார். பில்லில் குறைப்பதாகச் சொன்னது குறையவில்லை. சில நூறு ரூபாய் நஷ்டம்தான்.

அந்த இரண்டு டயரும் இனி எந்த வீட்டுக் காரிலும் ஏறாது!